மூடுபனிக்குள் ஒரு ராட்டில்

டாட்டர்சால் அந்தச் சாமானை மேசைமேல் வைத்தபோது ஹெஸ்டர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். ஊரில் வேறு பேச்சே இல்லை. உள்ளூர் பிரெக்டன் கால்பந்து அணி தகுதிச் சுற்றுகளையெல்லாம் தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டது. கோப்பைப் போட்டியில் லண்டனிலிருந்து ஒரு பெரிய அணி வந்து பிரெக்டன் மைதானத்திலேயே ஆட வேண்டும் என்று சீட்டு விழுந்திருந்தது. ஆலையில் தறிகளுக்கு அணியின் நிறத்தில், மஞ்சளும் கறுப்புமாக நாடா கட்டியிருந்தார்கள். பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் அதைத் தொடாமல் போகவில்லை.

"லண்டன்காரன் காது கிழியணும், எனாக்," என்றார் டாட்டர்சால். பொம்மை, புகையிலை, செய்தித்தாள் எல்லாம் விற்கிற கடைக்காரர் அவர். "மான்செஸ்டர்லேர்ந்து வாங்கிப் போட்டா நமக்கென்ன பெருமை? நம்ம ஊர்த் தச்சன் கையால செய்யணும். மஞ்சளும் கறுப்பும் அடிச்சுக் குடு. நான் ஒரே நாள்ல வித்துக் காட்டறேன்."

எனாக் நட்டால் மேசையைப் பார்த்தான். ராட்டில் என்று சொல்வார்கள் அதை. ஒரு கைப்பிடி, அதன் தலையில் மரத்தில் செதுக்கிய பல்சக்கரம், சக்கரத்தைச் சுற்றி ஒரு சட்டம், சட்டத்தில் இறுகப் பொருத்திய மெல்லிய பட்டை. கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் சட்டம் சுற்றும். பட்டை பல்லுக்குப் பல் தாவி அடிக்கும். கைக்குள் அடங்குகிற சாமான்தான், ஆனால் ஒரு தெருவையே எழுப்பிவிடும்.

டாட்டர்சால் அதை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஹெஸ்டர் தன் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வலது கை தானாக எழுந்து சட்டைக் கழுத்துப் பொத்தானுக்குப் போனது. வாய் இறுக மூடியிருந்தது. சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் மூச்சு விடவில்லை.

"முடியாதுன்னா சொல்லிடு," என்றார் டாட்டர்சால்.

"முடியும்," என்றான் எனாக். "ஓக் மரத்துல செஞ்சா நல்லா கேக்கும். பீச் மரம் சளசளங்கும்."

இதை இவன் எங்கே கற்றான் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் கதவும் ஜன்னலும் சவப்பெட்டியும் செய்து பார்த்திருக்கிறாள். விளையாட்டுச் சாமான் எதையும் செய்து பார்த்ததில்லை.

கொல்லைப்புறக் கொட்டகையில் வேலை தொடங்கியது. சக்கரங்களை எனாக் செதுக்கினான். ஆலை விட்டு வந்ததும் ஹெஸ்டர் வர்ணம் அடித்தாள். கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஜெர்மன் போர் முடிந்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் மஞ்சள் நிறம் எதுவும் நுழைந்ததில்லை. அவளுடைய தம்பி ஜெத்ரோ பெல்ஜியத்தில் செத்துப்போனவன். ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஒரே நாளில் வரிசையில் நின்று ஒரே படையில் சேர்ந்தார்களே, அதில் எனாக்கும் ஜெத்ரோவும் ஒரே குழுவில் இருந்தார்கள். குண்டு விழுந்தது, வலி தெரியவில்லை, நொடியில் போய்விட்டான் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். எனாக் திரும்பி வந்தபோது அவனும் அதையேதான் சொன்னான். அதற்குமேல் அவள் கேட்டதில்லை.

ஒவ்வொரு ராட்டிலையும் சுழற்றிப் பார்க்க வேண்டுமல்லவா. அந்த வேலையை எனாக் அவளிடம் விட்டான்.

"நீ சுத்திப் பாரு. எனக்குத் தூசி ஒத்துக்கல," என்று வெளியே போய்விடுவான். மரத்தூளோடு நாள் முழுக்கக் கிடக்கிறவனுக்குச் சுழற்றுகிற நேரத்தில் மட்டும் தூசி எங்கிருந்து வருகிறது? அவள் ஒரு தடவை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தான். கைக்குட்டை நனைந்திருந்தது. அதை வாயருகே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

அவள் மறுபடியும் சுழற்றினாள், வேண்டுமென்றே. அவன் தோள் குறுகியது.

அதற்கப்புறம் அவன் வீட்டில் இருக்கும்போது அவள் சுழற்றவில்லை.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் க்ளெம் வந்தான். அவனும் அதே படைதான். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவன் நுழைந்தாலே வீடு கலகலக்கும்.

"என்ன ஹெஸ்டர், கறி வாசனை தெருமுனை வரைக்கும் வருது. உன் புருஷனுக்கு இதெல்லாம் அதிகம். அவனுக்குத் தண்ணியில ஊறின பிஸ்கட்டே போதும்."

"உக்காரு, உனக்கும் அதையே போடறேன்."

"பாத்தியா, இந்த வாய்க்காகத்தான் நான் கல்யாணமே பண்ணிக்கல. எங்க அவன்?"

"கொட்டகையில. போய்க் கூட்டிட்டு வா, ஆறிடும்."

க்ளெம் முற்றத்தைத் தாண்டிக் கொட்டகைக் கதவைத் திறந்தான். சமையலறை ஜன்னல் வழியாக ஹெஸ்டர் பார்த்தாள். உள்ளே போய் வாசல் பக்கம் திரும்பி, வரிசையாகத் தொங்குகிறதைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. தொப்பியைக் கழற்றினான்.

ஹெஸ்டர் பன்னிரண்டு வயதிலிருந்து தறியில் நிற்பவள். தறிச் சத்தத்தில் யார் பேச்சும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். காதும் பாதி போய்விட்டது. கெட்டில் கொதித்து மூடி ஆடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டு வருஷங்களாகிவிட்டன. ஆனால் தெருவின் அந்தக் கோடியில் இரண்டு பேர் பேசினாலும், முகம் தெரிந்தால் போதும், வார்த்தை வார்த்தையாகச் சொல்லிவிடுவாள். ஆண்களுக்கு இது மறந்துபோகும்.

க்ளெமின் உதடு சொன்னது: அவளுக்குத் தெரியுமா?

எனாக் முதுகைக் காட்டி நின்றான். தலை மட்டும் இல்லையென்று ஆடியது.

தெரியாமத்தான் வர்ணம் அடிக்கிறாளா? உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

எனாக் திரும்பினான். இப்போது அவன் முகம் தெரிந்தது. யாராவது செய்யத்தான் போறாங்க. கோல் விழுந்தா அடிக்கறது, கோல் விழுந்தா அடிக்கறதுன்னு ஆயிரம் தடவை கேட்டா, அப்புறம் அது கோலுக்கு மட்டும்னு ஆயிடும். அப்படித்தான் நினைச்சேன்.

ஆச்சா?

எனாக் மறுபடியும் முதுகைக் காட்டிவிட்டான்.

சாப்பாட்டின்போது க்ளெம் பழையபடி கேலி பேசினான். ஆனால் தட்டில் பாதி அப்படியே கிடந்தது. அவன் போன பிறகு ஹெஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எனாக்குக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு என்ன தெரியாது?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் உதட்டைப் படித்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

"மேட்ச் முடியட்டும், ஹெஸ்டர்."

"ஜெத் விஷயமா?"

"மேட்ச் முடியட்டும்னேன்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதனால் அவள் விட்டுவிட்டாள்.

போட்டியன்று சனிக்கிழமை. மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் ஊர் மொத்தமும் சரிவில் இறங்கியது. மரக்காலணிகள் கல்தெருவில் போட்ட சத்தம் அவள் காலுக்குத் தெரிந்தது. டாட்டர்சால் சொன்னபடியே எல்லாம் விற்றுவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அடித்த மஞ்சள் தெரிந்தது. எனாக் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். கையில் ராட்டில் இல்லை.

பிரெக்டன் மைதானம் பள்ளத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் ஜனங்கள் நிற்கும் படிகள். நாலாவது பக்கம் கால்வாய். அங்கே ஒரு மதில்தான், யாரும் நிற்க இடமில்லை. அதற்கு அப்பால் சாயப்பட்டறை. குளிர்காலத்தில் கால்வாயிலிருந்து மூடுபனி எழும்பும்; சாயப்பட்டறைப் புகை அதோடு சேர்ந்து ஒரு பழுப்பு மஞ்சளாக மாறும்.

"கோல் கீப்பரப் பாத்தியா?" என்றான் க்ளெம், சுடச்சுட டீயோடு வந்து நின்று. "லண்டன்லேர்ந்து ரயில் ஏறும்போது ஒல்லியா இருந்திருப்பான். வழியெல்லாம் தின்னுட்டு வந்திருக்கான். கோல் போஸ்ட்ல பாதி அவனே அடைச்சுட்டான்."

"அப்ப மீதிப் பாதியில அடிக்கச் சொல்லு," என்றார் பின்னால் நின்ற கிழவர்.

முதல் பாதி முழுக்க லண்டன்காரர்கள் பந்தை விடவில்லை. பிரெக்டன் பையன்கள் ஓடிக் களைத்தார்கள். ராட்டில்கள் அங்கங்கே ஒன்றிரண்டு கேட்டன. கொஞ்சம் சுழற்றுவார்கள், மணிக்கட்டு வலித்ததும் நிறுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் எனாக் கழுத்துத் துணியைத் தொட்டான். ஹெஸ்டர் இப்போது வேறு முகங்களையும் கவனித்தாள். தொட்டது அவன் மட்டும் இல்லை. அந்தப் படிகளில் முப்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் பலருடைய கையும் அதே இடத்துக்குப் போய் வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் மூடுபனி வந்தது. மேலிருந்து இறங்கவில்லை. கால்வாய் மதிலின் மேல் வழிந்து, தரையோடு தரையாக, முழங்கால் உயரத்தில் புல்லின் மேல் ஊர்ந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தின் அடி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு வரை. விளையாடுகிறவர்களின் கால் தெரியவில்லை. உடம்பு மட்டும் மிதந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரெக்டன் கோல் அடித்தது. யார் அடித்தது என்றுகூட அப்புறம்தான் சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள். பந்து கால்வாய்ப் பக்கத்து வலையின் மேற்பகுதியில் குத்தியது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. மைதானத்திலிருந்த அத்தனை ராட்டிலும் ஒரே நேரத்தில் சுழன்றன.

ஹெஸ்டருக்கு அது சத்தமாகக் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் அடித்தது. அவளும் கத்தினாள். கத்திக்கொண்டே எனாக் பக்கம் திரும்பினாள்.

அவன் கோலைப் பார்க்கவில்லை. மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இப்போது படிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் உதடு ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னது. பக்கத்தில் க்ளெமின் உதடும் அதையே சொன்னது. கீழ்ப்படியில் இறைச்சிக்கடைக்காரன், அவனுக்கு அடுத்தவன், அதற்கும் அடுத்தவன். சத்தமே இல்லாமல், முகம் முகமாக, அவள் அதைப் படித்தாள்.

விஷப்புகை. விஷப்புகை. விஷப்புகை.

க்ளெம் கையிலிருந்த ஆறிப்போன மீதி டீயைத் தன் கம்பளித் துணியின் மேல் ஊற்றினான். ஈரத்துணியை மூக்கோடும் வாயோடும் அழுத்திக்கொண்டான். எனாக் கழுத்துத் துணியை ஏற்றிக் கட்டினான். படிகள் முழுக்க, நூற்றுக்கணக்கான ஆண்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒரே மாதிரி முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். யாரும் ஓடவில்லை. ராட்டில் வைத்திருந்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். பெண்களும் கிழவர்களும் இளவட்டங்களும் ஒன்றும் புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக அடங்கினார்கள். கோல் அடித்தவன் தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றான். மைதானம் முழுக்க ஊமையாகிவிட்டது.

அப்புறம் ஒரு ராட்டில் கேட்டது.

கால்வாய்ப் பக்கத்திலிருந்து, யாருமே நிற்க முடியாத அந்த மதிலடியிலிருந்து. மூடுபனிக்கு உள்ளே. மணிக்கட்டு வலித்து நிறுத்துகிற ராட்டில் இல்லை அது, விடாமல் சுழன்றது. நாலைந்து அடிக்கு ஒரு தடவை ஓர் அடி தவறியது. கட கட கட கட, ஒரு ஓட்டை. கட கட கட கட, ஒரு ஓட்டை.

கெட்டில் மூடி கேட்காத ஹெஸ்டரின் காதில் அது பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி கேட்டது.

எனாக் துணியைக் கொஞ்சம் இறக்கினான். "அது நான் செஞ்சது," என்றான். "பட்டாளத்து பிஸ்கட் பெட்டி மரம். ஒரு பல்லு உடைஞ்சுடுச்சு. வேற செஞ்சு தரேன்னு சொல்லியிருந்தேன்."

"யாருக்கு?"

அவன் கம்பித் தடுப்பின் மேல் காலைத் தூக்கிப் போட்டு அந்தப் பக்கம் குதித்தான். புல்லில் நடக்கத் தொடங்கினான். ஹெஸ்டர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். க்ளெம் விரல் போன கையால் அவளைத் தாங்கி இறக்கிவிட்டுத் தானும் வந்தான். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் தடுப்பைத் தாண்டினார்கள். நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். அவரும் நாற்பதைத் தாண்டாத ஆள்தான். ஊதவில்லை.

மூடுபனிக்குள் நுழைந்ததும் முன்னால் போகிற எனாக்கின் முதுகு மட்டும் தெரிந்தது. ஈர வைக்கோல் அழுகுகிற ஒரு வாடை. சாயப்பட்டறையிலிருந்து அப்படி ஒரு வாடை வந்து அவள் அறிந்ததில்லை. சத்தம் முன்னாலேயே இருந்தது. கிட்டே வரவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. லண்டன் கோல் கீப்பர் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும், "யாருங்க அது?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது.

"எங்க ஆளுதான்," என்றான் க்ளெம்.

எனாக் நின்றான். முகத்துத் துணியை முழுக்கக் கழற்றினான்.

"ஜெத்," என்றான். அறையில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரல். "போதும்டா. எல்லாரும் எழுந்தாச்சு. எல்லாரும் முகமூடி மாட்டிக்கிட்டாங்க. நீ உன்னோடதை எடுத்து மாட்டு."

ராட்டில் நிற்கவில்லை.

"நான் மாட்டிட்டேன், ஜெத்," என்றான் க்ளெம். "க்ளெம் பேசறேன். மாட்டிட்டேன்டா."

பனிக்குள் எங்கேயோ வலப்பக்கத்திலிருந்து, அவள் காதுக்கே எட்டும்படி உரக்க, இன்னொரு குரல் கேட்டது. "வில்ஃப் இங்க. போட்டாச்சு."

"ஆம்புரோஸ். போட்டாச்சு, ஜெத்."

"சாம் ஹோல்டன். போட்டுட்டேன், தம்பி. நீ விடு."

பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து, முகம் தெரியாமல் ஒவ்வொரு குரலாக வந்தது. சிலர் பெயர் சொன்னார்கள். சிலருக்குக் குரல் வரவில்லை, இருமினார்கள். அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று ஹெஸ்டருக்கு அதுவரை தெரியாது. அவளுடைய தம்பியின் பெயரை இத்தனை வாய்கள் சொல்லி அவள் கேட்டதில்லை. வீட்டில் அவளும் அம்மாவும் சொன்னதோடு சரி, அம்மாவும் போய்விட்டாள்.

சுழற்சி தளர்ந்தது. அடிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஓட்டை எது, இடைவெளி எது என்று தெரியாமல் போயிற்று. ஹெஸ்டர் ஒரு அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குள் நின்றுவிட்டது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பந்து தெரியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஜனங்கள் சத்தம் போடாமல் சரிவேறிக் கலைந்தார்கள்.

எனாக்கும் ஹெஸ்டரும் வீட்டுக்குப் போகவில்லை. தெருத்தெருவாக நடந்தார்கள். முகம் பார்த்துப் படிக்க வேண்டும் என்று அவள் அவன் பக்கமே திரும்பி நடந்தாள். அவன் அவளுக்காக விளக்குக் கம்பம் இருக்கிற இடமெல்லாம் நின்று பேசினான்.

"குண்டு ஒண்ணும் விழலை. அவன் முன்னால் காவல்ல இருந்தான். காத்து திரும்பிச்சு, அழுகின வைக்கோல் வாடையோட விஷப்புகை வந்துச்சு. நாங்க எல்லாம் பதுங்கு குழிக்குள்ள தூக்கம். அப்ப இருந்த முகமூடி பை மாதிரி. தலையில கவுத்து, சட்டைக் கழுத்துக்குள்ள திணிச்சு, பொத்தான் போடணும். ரெண்டு கையும் வேணும். மொதல்ல உன்னோடதை மாட்டு, அப்புறம் ராட்டிலைச் சுத்தி மத்தவங்களை எழுப்புன்னுதான் உத்தரவு."

"அவன் மாட்டலையா?"

"மாட்டலை. உத்தரவுப்படி நடந்திருந்தா எங்கள்ல பாதிப் பேரு எழுந்திருக்க மாட்டோம். சுத்திக்கிட்டே குழிகுழியா வந்தான். நான் எழுந்து மாட்டினப்போகூட சுத்திக்கிட்டிருந்தான். முகமூடிக் கண்ணாடி வழியா பாத்தேன். கையக் காட்டினேன், போதும்னு. அந்த முகமூடிக்குள்ளேர்ந்து பேசினா வெளிய கேக்காது, ஹெஸ்டர். நாங்க எல்லாரும் மாட்டிட்டோம்னு அவனுக்குச் சொல்ல ஒருத்தனாலயும் முடியலை."

அவள் அடுத்த விளக்கு வரை நடந்தாள்.

"உடனே போயிட்டானா?"

"இல்ல," என்றான். "ரெண்டு நாள்."

"கூட இருந்தியா?"

"இருந்தேன்."

அவள் அழவில்லை. அவன் தோளை இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினாள். அவன் சுவரில் மோதி நின்றான்.

"எனக்கு முன்னாடி நீ நிறுத்தச் சொல்லிட்ட," என்றாள். "ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அவன்கிட்ட பேசினீங்க. நான் ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள நிறுத்திட்ட."



மறு ஆட்டம் புதன்கிழமை தெளிந்த வானத்தின் கீழ் நடந்தது. லண்டன்காரர்கள் நாலு கோல் அடித்தார்கள். பிரெக்டன் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ராட்டில்கள் ஓயவில்லை. க்ளெம் ஒன்றை டாட்டர்சால் கடையில் வாங்கி, போதையில் தெருவெல்லாம் சுழற்றிக்கொண்டு வந்து அடி வாங்கினான் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க் கடைகளிலிருந்தும் எனாக்குக்கு வேலை வந்தது. இப்போது அவனே ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்த்தான். கை கழுத்துக்குப் போகவில்லை. போரிலிருந்து வந்த நாள் முதல் தூக்கத்தில் இருமிக்கொண்டிருந்தான், அதுவும் குறைந்தது.

ஹெஸ்டருக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. தறிக்கு நடுவே நிற்கும்போது, ஆயிரம் தறி ஓடுகிற இரைச்சலுக்குள், ஓர் அடி தவறுகிற மாதிரி இருக்கும். பாவு நூல் அறுந்ததோ என்று தறியை நிறுத்திப் பார்ப்பாள். நூல் சரியாகவே இருக்கும். பக்கத்துத் தறிக்காரி, என்ன, என்று உதட்டால் கேட்பாள். ஒண்ணுமில்ல, என்பாள்.

மூடுபனி விழுந்தால் மைதானத்துக்குப் போய்விடுவாள். மைதானக் காவலர் முதல் தடவை ஏன் என்று கேட்டார். அப்புறம் கேட்கவில்லை, பக்கவாசலைத் திறந்துவிட்டுத் தன் குடிசைக்குள் போய்விடுவார். கால்வாய் மதிலடியில் போய் நிற்பாள். படகு இழுக்கிற குதிரையின் சதங்கை சில நேரம் அவள் காதுக்குக்கூடத் தெரியும். வேறொன்றும் வந்ததில்லை. அந்த வைக்கோல் வாடையும் இல்லை.

அடுத்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் எனாக் அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தான். அவள் எதிரே வந்து, முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான்.

"சாப்பாடு ஆறிப்போச்சு."

"நீ சாப்பிட வேண்டியதுதானே."

"தனியா எறங்கலை." தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "வராது, ஹெஸ்டர்."

"தெரியும்." அவன் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கு அவன் காவலுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?" என்று கேட்டாள்.

எனாக் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் இளகியது. "ஜாம் டப்பாவைச் சுரண்டிக்கிட்டிருந்தான். உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தான். அந்த வெள்ளை கவுன் கதை. மாதா கோயில் ஊர்வலத்துல உன் கவுன்ல சேத்தை அப்பிட்டானாமே. பாதிரியார் முன்னாடியே நீ பளார்னு ஒண்ணு விட்டியாம். காது ரெண்டு நாள் கூவிச்சுன்னான். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம்."

"பளார்னு ஒண்ணு விட்டேனா?"

"அப்படித்தான் சொன்னான்."

ஹெஸ்டர் மதில் பக்கம் திரும்பினாள். மூடுபனி அவள் முழங்கால் வரை வந்திருந்தது.

"பொய் சொல்லாத, ஜெத்," என்றாள். தறிப் பட்டறையில் பேசுகிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னாள். "நான் அடிக்கலை. தள்ளினேன். நீயா போய் சாக்கடையில விழுந்த. எழுந்து வந்து அம்மாகிட்ட அழுது, எனக்கு அடி வாங்கிக் குடுத்த. அதையும் அவங்ககிட்ட சொன்னியா?"

பதில் எதுவும் வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கவுன் என்ன விலை, யார் தைத்தது, சேறு போகவே இல்லை, கடைசியில் அதைக் கிழித்துத் தலையணை உறை போட்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எனாக் தொப்பியை மாட்டிக்கொள்ளாமல் நின்று கேட்டான். அவள் சொல்லி முடிக்கிற வரை அவன் அவளைக் கூப்பிடவில்லை.